ஓடிபி வரலை

கணவனின் சட்டைப் பையிலிருந்து செல்போனைப் பறித்துவிட்டாள்.

டாக்டரம்மா பார்க்கிறாரே என்றுகூட யோசிக்கவில்லை.

"வரலைன்னா வரலை. என்னை நம்ப மாட்டியா?" என்றான் அவன்.

எப்படி நம்புவது? ஊரிலுள்ள செத்த போனுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற செல்போன் கடைக்காரன். அவன் போனுக்கு மட்டும், இந்த அறையில் மட்டும், ஓடிபி வராதாம். காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார்க்கட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால், வயிற்றில் கட்டி என்று வேறொரு மருத்துவமனையில் அவளுக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. அந்த விவரம் அங்கிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்தால்தான், இத்தனை வருஷமாக வயிற்றில் ஏன் ஒன்றும் தங்கவில்லை என்று சொல்ல முடியுமாம். அதற்குத்தான் ஓடிபி. அங்கே பதிவான எண்ணுக்கே அது போகும்.

அவளுடைய பேங்க், கேஸ் சிலிண்டர் எல்லாமே அவன் எண்ணில்தான். இது மட்டும் வேறு எங்கே போகும்?

மெசேஜ்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இல்லை. அழித்திருப்பான்.

மூத்த தாரத்தின் மகள் அவளை 'சித்தி' என்கிறாள். பாசமான பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் 'அம்மா' என்று கூப்பிட ஒரு வாய் வேண்டாமா? அதற்காகத்தான் அழாத குறையாக இவனை இங்கே இழுத்து வந்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பழைய குப்பையை ஏன் கிளற வேண்டும் என்று முனகினாள்.

இன்னொரு தடவை அனுப்பும்படி அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் தட்டினார்.

அவள் உள்ளங்கையில் கணவனின் போன் ஊமையாகக் கிடந்தது.

அம்மாவின் கைப்பைக்குள் குயில் கூவியது.

சற்று முன்பும் இப்படித்தான் கூவியது. விளம்பரம் என்று அம்மா பையைத் தட்டி அடக்கினாளே!

அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அம்மா. எண் கொடுத்ததும் அம்மா.

போனைக் கணவனிடம் திருப்பித் தந்தாள். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை மெல்ல உருவிக்கொண்டான்.

அம்மாவின் பையை வாங்கிப் போனை எடுத்து, எண்களை அவளே படித்தாள்.

திரை நிறைந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கட்டியெல்லாம் இல்லை. சீழ் பிடித்த கருக்குழாய்கள் இரண்டையும் எடுத்திருக்கிறார்கள். தானாகத் தங்க வழியே கிடையாது. கல்யாணமான புதிதிலேயே தெரிந்திருந்தால் டெஸ்ட் டியூப் முறையில் முயன்றிருக்கலாம். இந்த வயதில் கஷ்டம்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்னை மட்டும் முறைக்காதடி. கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "'எம் பொண்ணுக்குப் போட்டியா ஒண்ணு வராதுல்ல, அப்ப இவளையே கட்டிக்கறேன்'னாரு."