ஏரித்தண்ணீர் வைத்தியம்

வண்டி குடைசாய்ந்து முழங்கால் உடைந்த செங்கோடனிடம் சேலத்து வெள்ளைக்கார டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "எலும்பு கூடிவிட்டது. இனி நடந்தால்தான் மூட்டு இளகும்."

"வலிக்கிற காலோட எவன் நடப்பான்?" என்று ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தவன்தான். உழவுக்காலம் நெருங்கியும் எழவில்லை.

மனைவி பாவாயி பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தூர் வைத்தியரை அழைத்துவந்தாள். அவர் முழங்கால் மூட்டை அமுக்கிப் பார்த்தார்.

"இறுகிப் போச்சு. தெனமும் காத்தால பனமரத்துப்பட்டி ஏரியில, வவுத்தளவு தண்ணியில நடக்கோணும். பாரத்தைத் தண்ணி தாங்கிக்கும், வலி தெரியாது. உழவுக்குள்ள சரியாயிரும்."

"செஞ்சர்றனுங்க" என்றான் செங்கோடன். டாக்டர் பேச்சைத் தட்டியவன், இவர் பேச்சைத் தட்டவில்லை. மறுநாள் கருக்கலிலேயே ஏரிக்குக் கிளம்பிவிட்டான்.

முதல் மழை விழுந்த பிறகு வைத்தியர் அந்தப் பக்கம் வந்தார். செங்கோடன் வரப்பைத் தாண்டி ஓடிவந்து மறித்தான்.

"உங்க வைத்தியம் சுத்த மோசமுங்க!"

வைத்தியர் அவன் காலையே பார்த்தார். "ஊனுகோல் எங்கப்பா?"

"அதைத் தூக்கிப் போட்டு நாளாச்சுங்க. தண்ணிக்குள்ள நின்னு கயித்தை இழுக்கறவனுக்கு ஊனுகோல் என்னத்துக்கு? நானும் தெனமும் உள்ள போறதும் வாரதுமா இழுத்துப் பாத்தேன். அது கரையை உட்டு நகரலீங்க!"

"உன்ற கால் நல்லாயிருச்சேப்பா!"

"என்ற கால் நல்லாயி என்னங்க பண்றது? மாட்டு வைத்தியருன்னுதானுங்க உங்களைக் கூட்டியாந்தோம். வண்டியோட உழுந்து காலு மடங்கின ஏர்க்காளை இன்னும் நொண்டிக்கிட்டல்ல நிக்குது!"