மாயக்காளுக்கு ஒரு சாதா

"பாய், நிறுத்துங்க! அந்த டம்ளரக் குடுக்காதீங்க!"

இரும்புக்கடை சிவனாண்டி போட்ட சத்தத்தில் காபிக் கடையே திரும்பிப் பார்த்தது. மதுரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்துல் அலீம் பாயின் கடை. காலை நேரக் கூட்டம். சண்டை போட இதைவிடத் தோதான நேரம் சிவனாண்டிக்குக் கிடைக்காது.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு?"

"சாதா" என்றார் பாய்.

"எனக்கு என்ன குடுத்தீங்க?"

"ஸ்பெஷல்."

"ரெண்டு டம்ளருக்கும் ஒரே பில்டர்ல இருந்துதான் டிக்காஷன் ஊத்துனாரு உங்க மாஸ்டர். என் கண்ணால பாத்தேன்!"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. எழாமல் என்ன செய்யும்? அலீம் பாய் கடை ஸ்பெஷல் ஊரறிந்த சங்கதி. அன்றன்றைக்கு வறுத்து அரைத்த கொட்டை, பேருக்குக்கூட சிக்கரி கிடையாது, முதல் டிக்காஷன், தண்ணீர் காணாத பால். சாதா என்றால் சிக்கரி கலந்த தூள், இரண்டாம் டிக்காஷன். அதற்குத் தனி பில்டர், தனி விலை. இந்தப் பேச்சை நம்பித்தான் நாலு தெரு தாண்டி ஆட்கள் வருகிறார்கள். பாய்க்கு இருக்கும் ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

"அப்ப இத்தன நாளா ஸ்பெஷல்னு சொல்லி சாதாவ ஊத்தி, எங்க தலையில மிளகா அரைச்சிருக்கீங்க!"

காபி மாஸ்டர் சோணைக்குப் பொறுக்கவில்லை. "யோவ், விவரம் தெரியாமப் பேசாத. அது வந்து..."

பாய் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். டம்ளருக்காகக் காத்து நின்ற மாயக்காளை ஒரு தடவை பார்த்தார். கப்பலூர் போல்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தினமும் பஸ் ஏறுமுன் இங்கே ஒரு சாதா குடிப்பாள்.

"ஆமாண்ணே. ரெண்டு டம்ளர்லயும் இருக்குறது ஒண்ணுதான். மன்னிச்சிருங்க" என்றார் பாய்.

அவ்வளவுதான். கையில் வாங்கிய டம்ளரை அப்படியே வைத்துவிட்டு நாலைந்து பேர் எழுந்து போனார்கள். "தொழுகுறவரு பண்ற வேலையா இது?" என்று ஒருவர் பாயின் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்.

மாயக்காள் தன் காபியைக் குடித்து முடித்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். சிவனாண்டி ஜெயித்த மிடுக்கோடு பின்னாலேயே வந்தார்.

"பாத்தியா தங்கச்சி? ஸ்பெஷல்னு சொல்லி எனக்கும் சாதாவக் குடுத்திருக்காரு அந்தாளு!"

"இல்லண்ணே. உங்களுக்கும் ஸ்பெஷல்தான். எனக்கும் ஸ்பெஷல்தான்."

சிவனாண்டி விழித்தார்.

"பெரியாஸ்பத்திரில எம் மக பொறந்தப்ப, பக்கத்துக் கட்டில்ல பாயோட சம்சாரம் சைனப். காய்ச்சல்ல நெனவே இல்லாம கெடந்தாங்க. அவங்க பிள்ளை பசியில துடிச்சுச்சு. தூக்கி நான்தான் பால் குடுத்தேன். அவங்க எந்திரிக்கிற வரைக்கும் எம் மகளோட சேத்து அவனுக்கும் குடுத்தேன்."

"அப்புறம்?"

"பால் குடுத்தவளும் பிள்ளைக்குத் தாய்தான்னு அவங்க மார்க்கத்துல இருக்காம். சேலை கொண்டாந்தாரு, அரிசி மூடை கொண்டாந்தாரு. பிள்ளைக்குப் பால் குடுத்ததுக்குக் கூலியான்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன். ஓசிக் காபி குடுத்தாலும் குடிக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அதான் 'மாயக்காளுக்கு ஒரு சாதா'ன்னு சத்தமாச் சொல்லிட்டு, ஸ்பெஷலப் போட்டுக் குடுக்குறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு."

"அட, அத அங்கயே சொல்லியிருக்கலாம்ல? மனுசன் பேரே போச்சே!"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நாளைக்கு எப்படிண்ணே குடுப்பாரு? இதையாச்சும் செய்யிறோமேன்னு அவருக்கு ஒரு நிம்மதி. அதையும் புடுங்கச் சொல்றீங்களா? பேரக் கெடுத்தது நீங்க. நீங்கதான் அதச் சரி பண்ணணும்."

பாண்டியன் ரோடுவேஸ் பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். சிவனாண்டிக்குக் கடையைத் தாண்டிப் போகக் கால் கூசியது. சுற்று வழியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை. கடையில் பாதி பெஞ்சு காலி. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த சிவனாண்டி, நேற்றை விடப் பெரிய சத்தம் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! நேத்து கண்ணாடி போடாம வந்து, பில்டரச் சரியாப் பாக்காம உளறிட்டேன். பாய் மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு ஒரு ஸ்பெஷல்!"

"பாயே ஒத்துக்கிட்டாரேப்பா?" என்றார் ஒருவர்.

"நான் போட்ட கூப்பாட்டுல யாருதான்யா ஒத்துக்க மாட்டா?"

கடையில் சிரிப்பு கிளம்பியது. நேற்று எழுந்து போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சிவனாண்டி சொன்னது பொய் என்று அலீம் பாய்க்குத் தெரியாதா? ஏன் என்று கேட்கவில்லை. கண் கலங்க, டம்ளரைத் தானே கொண்டுவந்து சிவனாண்டியின் கையில் கொடுத்தார். அதற்குள் மாயக்காளும் வந்து நின்றாள். பாய் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சோணை, மாயக்காளுக்கு ஒரு சாதா!"

குடித்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். சிவனாண்டிக்கு மனம் நிறைந்திருந்தது.

"எப்படியோ தங்கச்சி, நீ குடுத்து வச்சவ. மதுரையிலேயே நல்ல காபி தினமும் உனக்குக் கெடைக்குது."

மாயக்காள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வேறண்ணே! எனக்கு சிக்கரி போட்ட சாதாதான் உசுரு. இந்த ஸ்பெஷல வாயிலயே வைக்க முடியல, அம்புட்டுக் கசப்பு. நான் குடிச்சு முடிக்கிறப்ப அந்த மனுசன் முகத்தப் பாத்திருக்கீங்களா? அதுக்காகத்தான் இத்தன வருசமா முழுங்கிக்கிட்டிருக்கேன்."