மாப்பிள்ளைக்கு அரங்கேற்றம்

பெரியவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதன்முதலாகத் திருடப் போனாலும், குடும்பமே நன்றாக உடுத்திக்கொண்டு கூடப் போகும்.

இந்தத் தடவை மாப்பிள்ளையின் முறை. விடுமுறை நாள் மத்தியானம், பூட்டிக் கிடந்த அலுவலகம் ஒன்றுக்குள், பெரியவரும் இரண்டு மகன்களும் கோட்டு சூட்டு, பளபளக்கும் ஷூ சகிதம் இரும்புப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளைக்கும் புது கோட்டுதான். இடுப்பில் கொஞ்சம் பிடித்தது.

மாப்பிள்ளை பூட்டு ரிப்பேர் கடை வைத்து நேர்மையாகப் பிழைத்தவர். புது மனைவியும் நாள் முழுக்கக் கடையே கதியென்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என்ன ஒட்டுதல் என்று அக்கம்பக்கம் கேலி செய்யும். மாமனார் வீட்டுத் தொழில் இன்னதென்று கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மனைவியோடு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிவிடலாம் என்று பார்த்தால், இருவர் பாஸ்போர்ட்டையும் மாமனார் தன் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். அந்தப் பெட்டிக்கு முன்னால் எந்நேரமும் மகன்களில் ஒருவன் காவல் இருப்பான்.

“குடும்பத்துக்காக ஒரே ஒரு வேலை மாப்பிள்ளை. முடிச்சுட்டா பாஸ்போர்ட் உங்க கையில” என்று சொல்லியிருந்தார் பெரியவர்.

வேறு வழியில்லாமல் இந்த அலுவலகத்தைக் காட்டியதே மாப்பிள்ளைதான். ஆனால் பூட்டு அசைவதாக இல்லை.

“நீயே ரிப்பேர் பண்ணின பெட்டின்னு சொன்னே. இவ்வளவு நேரமா உருட்டுறே?” என்றான் பெரிய மச்சான்.

“கை நடுங்குது மச்சான். முதல் தடவை இல்லையா?”

“போனைக் குடு இப்படி. போலீசுக்குச் சொல்லிட்டு நேரத்தை இழுக்குறியா?”

பிடுங்கி வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் சைரன் கேட்டது. நாலு பேரும் சட்டென்று பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். அது ஆம்புலன்ஸ். வந்த வேகத்தில் கடந்து போய்விட்டது.

“வாயை மூடுடா!” என்று மகனை அதட்டினார் பெரியவர். “குடும்பத்துக்குள்ள சந்தேகப்பட்டா உருப்படுமா? உன் தங்கச்சியைப் பாரு. அவ்வளவு தலைவலியிலயும் ‘பெட்டியை நான் பாத்துக்கறேன், எல்லாரும் போய் அவருக்குத் துணையா நில்லுங்க’ன்னு அனுப்பி வச்சாளே, அதுதான்டா பாசம்.”

மச்சான் கையில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு அலுத்துக்கொண்டான்.

“தங்கச்சிதான். தலைவலி விட்டுடுச்சாம். உன்கிட்ட உடனே சொல்லணுமாம்.”

மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். இப்போது கை நடுங்கவில்லை. ‘க்ளிக்’ என்றது பூட்டு.

“கைப்பிடியை நீங்க திருப்புங்க மாமா. உங்க கை ராசியான கை. நான் கீழ போய் வண்டியை ஸ்டார்ட் பண்றேன்.”

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு, பயபக்தியோடு பெட்டியைத் திறந்தார். ஓடாத மேசை மின்விசிறி ஒன்றும், போன வருஷத்துக் காலண்டர்களும் உள்ளே இருந்தன.

கீழே வண்டியும் இல்லை.

மூன்று பேரும் சூட்டு நனைய, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தார்கள். இரும்புப் பெட்டி ஆவென்று திறந்து கிடந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் மகளுடைய நகைகளும் மட்டும் காணோம். மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

“எப்படிப்பா? அவன் நம்ம கூடத்தானே இருந்தான்!” என்றான் மகன்.

பெரியவர் குனிந்து பூட்டைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அன்று அரங்கேற்றம் அவருடைய மகளுக்கு. கூட நின்று பார்க்கத்தான் குடும்பத்தில் ஒருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.