பானையும் அடுப்பும் மச்சானும்

சீன வைத்தியம் சொல்கிறபடியே, தையற்காரர் லியாங்கின் வயிற்றில் இரைப்பை பானையாகவும் மண்ணீரல் அதன் அடுப்பாகவும் குடித்தனம் நடத்தின. பல வருஷமாக உள்ளே போன சோறு வேகாமல் புளித்துப் பொங்கியது.

“உன் சோம்பேறித்தனத்தால் என் பேர் கெடுகிறது. இனி ஒரு பருக்கைகூட வாங்கமாட்டேன்!” என்று பானை பொரிந்து தள்ளியது.

“நான் என்ன செய்ய? லியாங்கின் கோபமெல்லாம் குடியிருப்பது கல்லீரல் அண்ணனிடம்தான். சாப்பாட்டு வேளை பார்த்து அவருக்கு அது பொங்கி வருகிறது. நேரே என் மேல் பாய்ந்து நெருப்பை மிதிக்கிறார்” என்று அழுதது அடுப்பு.

“சாக்குச் சொல்லாதே” என்றது பானை.

அன்று லியாங் வைத்தியரிடம் போனார். வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார் எனப் பானை காத்திருந்தது. அவரோ, “சாப்பிடும்போது யாரோடு சண்டை?” என்றார்.

“மச்சானோடு” என்று லியாங் தலைகுனிந்தார்.

மறுநாள் மச்சான் வருமுன்பே லியாங் தனியாக உட்கார்ந்து சூடான இஞ்சிக் கஞ்சியைக் குடித்தார். கல்லீரல் குறட்டை விட்டது. அடுப்பு கணகணவென்று எரிந்தது. பானை பழக்கதோஷத்தில் அடுப்பைத் திட்ட வாயைத் திறந்தது. வெளியே வந்தது சுகமான ஓர் ஏப்பம்தான்.