கட்டைவிரலில் பள்ளிக்கூட ரிப்பன்

மருந்துக்கடையில் இரண்டு ஜின்செங் வேர் மாத்திரை டப்பாக்களை எடுத்து வைத்தார்கள். வழக்கமான சிவப்பு டப்பா மாத்திரையால் எனக்கு ஒரு மாதமாகப் படபடப்பு.

"வெள்ளை எடுத்துக்குங்கக்கா, இது சாது. ஆனா வேளை தவறாமப் போடணும்," என்றார் கடைக்காரர்.

சாதுவையே வாங்கினேன். மறுநாள் மத்தியான மாத்திரையைப் போட மறந்துபோனேன்.

கண் விழித்தபோது கூடத்துத் தரையில் கிடந்தேன். எழப் பார்த்தேன், முடியவில்லை. என் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து யாரோ பள்ளிக்கூட ரிப்பனால் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது; பக்கத்தில் என் வெள்ளை மாத்திரை டப்பா.

சுவரோரம் என் மகள் யாழரசி அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. எங்கள் ஊரில் குழந்தைகள் உட்பட எல்லோரும் மாத்திரை போடுவதால் யாரும் தூங்குவதில்லை. கண்ணை மூடிக் கிடந்தவர் என்று அவள் பார்த்திருப்பது, போன வருஷம் இறந்த என் மாமனாரை மட்டும்தான். அவருக்குச் செய்ததையெல்லாம் எனக்கும் செய்திருக்கிறாள்.

"அடிப்பாவி, என்னடி இது!"

நான் எழுந்து உட்கார்ந்ததும் அவள் வீறிட்டாள். பிறகு திக்கித் திக்கிச் சொன்னாள்: "அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேம்மா. எல்லாரும் வந்துட்டிருக்காங்க."

நான் குனிந்து ரிப்பன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். அவள் மெல்ல நகர்ந்து வந்து என் கன்னத்தைத் தொட்டாள்.

"செத்தா வலிக்குமாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லடி. சுகமா இருந்துச்சு."

சிவந்த கண்களால் அவள் வெள்ளை டப்பாவையே பார்த்தாள்.

"இனிமே எனக்கும் இதையே வாங்கும்மா."