பிரியும் தேதி

தாலி கட்டிய கையோடு பெர்சிசும் ஜெபசிங்கும் ஆலயத்திலிருந்து நேராக வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். அந்த ஊர்ச் சட்டப்படி, எந்த ஜோடியும் தாங்கள் பிரியும் தேதியை முன்கூட்டியே பதிவு செய்தால்தான் வீடு கிடைக்கும்.

“அஞ்சு வருஷம் போடட்டுமா, தாயி?” என்று அலுவலர் கேட்டார்.

“தேதியே கிடையாது சார். மரணம் பிரிக்கிற வரைக்கும்.”

“பிடிக்கலைன்னா வெளிய போக ஒரு வழி வேண்டாமா?”

“அந்த வழிய அடைச்சிட்டுத்தான் ஆண்டவர் முன்னால வாக்குக் கொடுத்தோம்.”

அலுவலர் ஜெபசிங்கிடம் திரும்பினார். “மாப்ள, சும்மா ஒரு தேதி சொல்லுடே. பொறவு மாத்திக்கலாம்.”

“தாலி கட்டின அன்னைக்கே பொய் சொல்லச் சொல்லுதீங்களே, சார்!”

“அப்போ வீடு இல்ல. இன்னைக்கு எங்க தங்குவிய?”

“தெரியாது,” என்றபடி பெர்சிஸ் பெட்டியைத் தூக்கினாள். “ஆனா ஒண்ணாத்தான் தங்குவோம்.”