கேப்டனின் மைக்

நாலு பேரும் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கேப்டனுக்கு மூச்சு வாங்கியது. இளவரசன் அதை முதலில் சிரிப்பு என்றுதான் நினைத்தான்.

செஞ்சி கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறை. பகல் மூன்று மணி. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, காதில் இயர்போனும் கையில் போனுமாக ஆன்லைன் துப்பாக்கி கேம் ஆடிக்கொண்டிருந்தான். ரஞ்சித் சேலத்திலிருந்தும், தமிழினி தேனியிலிருந்தும், கேப்டன் சிங்கப்பூரிலிருந்தும் சேர்ந்திருந்தார்கள். இரண்டு வருஷமாக இப்படித்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை.

ஆனால் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுத்ததும் கிடையாது. யாராவது குண்டடிபட்டு விழுந்தால் போதும், கேப்டன் புகைக்குண்டை வீசிவிட்டு ஓடி வருவான். தூக்கிவிட்டு, வாய் நிறையத் திட்டிவிட்டுச் சிரிப்பான். அந்தத் திட்டை வாங்கத்தான் தமிழினி வேண்டுமென்றே விழுகிறாள் என்பான் ரஞ்சித்.

பெங்களூரில் வேலை போனபிறகு இளவரசன் வாய்விட்டுச் சிரிப்பதே இந்த இரண்டு மணி நேரம்தான். வேலை போனதையும் ஊருக்குத் திரும்பியதையும் அவன் இவர்களிடம் சொல்லவில்லை. இன்னும் பெங்களூரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கேப்டனின் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். எதையோ குலுக்குவது கேட்டது. ஆஸ்துமா பம்ப் காலி என்று பாதி வார்த்தையில் சொன்னான். பிறகு நாற்காலி சாய்ந்தது.

திரையில் கேப்டனின் ஆள் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றான். குண்டுகள் பட்டன. விழுந்தான்.

இளவரசனின் கட்டைவிரல் பழக்கத்தில் ஓடியது. பக்கத்தில் போய் மண்டியிட்டுத் தூக்கிவிட்டான். ஆள் எழுந்தான். எழுந்து, அப்படியே நின்றான்.

காதில் அந்த விசில் மட்டும் இழுத்து இழுத்து வந்தது.

மூவரும் கத்திப் பார்த்தார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் கூப்பிடச் சொன்னார்கள். கதவைத் திறக்கச் சொன்னார்கள். ரஞ்சித் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பரைத் தேடி எடுத்துவிட்டு, எந்த இடம் என்று கேட்டால் என்ன சொல்வது என்றான்.

"கேப்டனோட பேர் என்னன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள் தமிழினி.

யாருக்கும் தெரியவில்லை. எந்த மேட்டில் எந்தத் துப்பாக்கியை எடுப்பான் என்று மூவருக்கும் தெரியும். தோற்கும்போது என்ன பாட்டு முணுமுணுப்பான் என்று தெரியும்.

அப்போது கேப்டனின் மைக்கில், தூரத்தில், ஒரு கண்டக்டரின் குரல் கேட்டது. மலையனூர், மலையனூர், மலையனூர்.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள். காலையிலிருந்து இளவரசன் கேட்டுக்கொண்டிருக்கிற குரல்தான்.

ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தான். ஒரே குரல் இரண்டு தடவை கேட்டது. தெருவில் ஒரு தடவை. அரை நொடி கழித்து, கேப்டனின் அறையில் ஒரு தடவை.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினான்.

எங்கே என்று ஓடுவது? கூட்டுரோட்டைச் சுற்றி நாலு தெரு, தெருவுக்கு அறுபது வீடு. தன் மைக்கை அணைத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று கேப்டன் என்று கத்தினான். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காதில் அந்தக் கத்தல் திரும்பி வரவில்லை. அடுத்த தெருவில் கத்தினான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

மூன்றாவது தெருவில் கத்தியபோது, அரை நொடி கழித்து அவன் குரலே மெலிதாக அவன் காதில் விழுந்தது.

ஓடினான். கத்தினான். குரல் பெரிதாயிற்று. ஒரு பச்சை கேட்டுக்கு முன்னால் நின்று கத்தியபோது அது காதைப் பிளந்தது.

கேட்டில் கை வைக்கப் போனவன் ஒரு கணம் நின்றுவிட்டான்.

அது பெரியப்பா வீடு.

பாகம் பிரித்த தகராறில், அவனுடைய ஏழு வயதில் பேச்சு நின்றுபோன வீடு. பெரியப்பா மகன் ஆனந்தராஜும் இவனும் ஒரே வயது. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். ஆனந்தராஜ் சிங்கப்பூர் போனதை ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லக் கேட்டதோடு சரி. திரும்பி வந்தது தெரியாது. பெரியவனான பிறகு அவன் குரல் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது.

கேட்டை ஏறிக் குதித்தான். வீட்டில் மற்றவர்கள் மலையனூர் போயிருந்தார்கள். உள்தாழ்ப்பாள் நாலாவது உதையில் தெறித்தது. ஆனந்தராஜ் தரையில் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழன்று விழுந்த ஹெட்செட்டுக்குள் தமிழினி அழுதுகொண்டிருந்தாள்.

டீக்கடையில் நின்ற ஆட்டோவில் போட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உள்ளே இவனை விடவில்லை. நோயாளிக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். கொஞ்சம் யோசித்து, ஃப்ரெண்டு என்றான். இரண்டு மணி நேரம் வராந்தாவில் நின்றான்.

சாயங்காலம் கூப்பிட்டார்கள். ஆனந்தராஜ் தலையணையில் சாய்ந்திருந்தான். இவனைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. முகத்திலிருந்த மாஸ்க்கை மெல்ல விலக்கினான்.

"மொத நாளே தெரியும்டா. சித்தப்பா மாதிரியே பேசுற. சொன்னா விட்டுட்டுப் போயிடுவன்னுதான் சொல்லல."

போயிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் இளவரசன் வாயைத் திறந்தான்.

சொல்ல முடியவில்லை. போயிருப்பான்.